பயந்துகொண்டே வந்தவள்

மருத்துவமனையின் அந்தத் தளத்தில் எல்லோரும் தைரியமாக இருந்தார்கள், அவளைத் தவிர.

தைரியம் என்று எதைச் சொல்கிறேன் என்றால், எல்லோரும் குனிந்து கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தலையில் துணி கட்டிய ஒரு சீன அம்மா. கணவர் பக்கத்தில் இருந்தும் அவர்மேல் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த ஒரு மலாய்ப் பெண். அலுவலக அட்டையைக் கழுத்திலிருந்து கழற்ற மறந்துபோன நான். திரையில் எண் மாறும்போது எல்லாத் தலைகளும் நிமிரும், தன் எண் இல்லை என்றதும் குனியும். இரத்தம் எடுக்கும் அறையின் கதவு பாதி திறந்திருந்தது. அங்கிருந்துதான் அந்தக் குரல் வந்தது. தனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது என்று முதலில் ஆங்கிலத்தில் சொன்னது, பிறகு மலாயில் சொன்னது, கடைசியில் தாதிக்குப் புரியுமா என்றுகூடப் பார்க்காமல் தமிழில் சொன்னது.

“பயமா இருக்கு லா மிஸி. பேசிக்கிட்டே குத்துங்க.”

நான் தலையைத் தூக்கியது என் தவறு. கதவிடுக்கில் அவள் என்னைப் பார்த்துவிட்டாள். நாற்பது வயது இருக்கும். நல்ல உயரம், காதில் பெரிய வளையம், யாருக்கும் இடம் கொடுக்காத அகலத் தோள். பார்த்தால் நாலு பேரை அடித்துப் போடுகிற உடம்பு.

“அக்கா, தமிழா? கொஞ்சம் உள்ள வர்றீங்களா? கையப் புடிச்சுக்கணும்.”

முன்பின் தெரியாதவர் கையைப் பிடிக்கிற பழக்கம் எனக்கில்லை. தெரிந்தவர் கையைக்கூடப் பிடித்துப் பல வருடம் ஆகியிருந்தது. ஆனால் மறுப்பதற்குள் தாதியே கதவை அகலத் திறந்துவிட்டார். ஊசி தோலைத் தொடும் முன்பே அவள் அலறினாள், தொட்டபிறகு அமைதியாகிவிட்டாள். “அவ்ளோதானா?” என்று தாதியைப் பார்த்துச் சிரித்தாள். என் உள்ளங்கையில் அவள் நகங்கள் வரிசையாகப் பதிந்திருந்தன.

“நீங்க யாரோட வந்தீங்க?”

“தனியாத்தான்.”

“பயமா இல்லையா?”

“இல்ல.”

அவள் என் கையை விடாமலே, “அப்புறம் ஏன் கை இப்படிச் சில்லுன்னு இருக்கு?” என்று கேட்டாள்.

இப்படித்தான் பழக்கமானோம். அவளுக்கு வலது பக்கம், எனக்கு இடது பக்கம். அவளுக்கு அறுவை சிகிச்சை எனக்குச் சில வாரங்கள் முன்னால். அதற்குப் பிறகு கீமோவுக்கு இருவருக்கும் ஒரே கிழமை கொடுத்தார்கள்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். எனக்கு அப்போது ஐம்பது தாண்டியிருந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா போனபிறகு தெம்பனிஸ் வீட்டில் நான் மட்டும்தான். வேலை துவாஸில், ஒரு சரக்குக் கிடங்கின் அலுவலகத்தில். சிங்கப்பூர்த் தீவின் ஒரு கோடியில் ரயில் ஏறினால் மறு கோடியில் இறங்கவேண்டும். வேறு யாராவது இந்த வழித்தடத்தைப் பற்றிப் புலம்பினால் எனக்கு எரிச்சல் வரும். நான் புலம்பியதில்லை. மருத்துவர் முடிவைச் சொன்ன அன்றுகூட, எத்தனை நாள் விடுப்பு வேண்டியிருக்கும் என்று மட்டும் கேட்டுக்கொண்டு, துவாஸுக்குத் திரும்பிப் போய் மிச்ச வேலையை முடித்தேன். ரயிலில் உட்கார இடமிருந்தது. உட்காரவில்லை, நின்றுகொண்டே போனேன். ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை.

அவளுடைய பயங்களைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். கீழே இறங்கும் மின்படி, புறா, பூனை, இடி, பல் மருத்துவர், பட்டாம்பூச்சி. பட்டாம்பூச்சிக்கு என்ன பயம் என்று கேட்டால், “எந்தப் பக்கம் வரும்னு தெரியாதுக்கா” என்பாள். பயங்களை அவள் ஒளித்து வைத்ததே இல்லை. மின்படிக்கு முன்னால் நின்று, “பயமாத்தான் இருக்கு, வாங்க போலாம்” என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, பக்கத்தில் யார் இருக்கிறாரோ அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு இறங்குவாள். எத்தனையோ சீன அங்கிள்கள் அவளை அப்படி இறக்கிவிட்டிருக்கிறார்கள். ஒருவரும் முகம் சுளித்து நான் பார்க்கவில்லை.

லிஃப்ட்டுக்கு மட்டும் அவள் பயப்படமாட்டாள். அதுதான் அவள் வேலை.

வீவக அடுக்குமாடி புளோக்குகளில் லிஃப்ட் நின்றுபோனால் உள்ளே இருப்பவர் மணியை அழுத்துவார் அல்லவா, அப்போது சுவரிலிருந்து ஒரு குரல் பேசும். அந்தக் குரல் அவளுடையது. எங்கோ ஓர் அறையில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். புளோக் எண்ணைக் கேட்டு, பழுது பார்ப்பவரை அனுப்பிவிட்டு, அவர் போய்ச் சேரும்வரை உள்ளே இருப்பவரோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். பயப்பட வேண்டாம், உதவி வருகிறது என்று சொல்லும்படி அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவள் அதில் முதல் பாதியைச் சொல்லவே மாட்டாள்.

“பயப்படாதீங்கன்னு சொன்னா பயம் போயிடுமா? நான் ஒருத்திதான் பயப்படறேன் போலன்னு இன்னும் பயமாயிடும். நான் கேட்பேன், பயமா இருக்கான்னு. ஆமாம்பாங்க. இருக்கும்னு சொல்லிட்டு, பசியாறியாச்சான்னு கேட்பேன்.”

“லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்ககிட்டயா?”

“பின்ன? எல்லாரும் ஏதோ சாப்பிட்டிருப்பாங்கல்ல. இல்லாட்டி என்ன சாப்பிடப் போறோம்னு நெனச்சிருப்பாங்க. அதச் சொல்லிக்கிட்டே இருக்கறப்ப ஆள் வந்துடும்.”

ஒரு சீனத் தாத்தா தான் சாப்பிட்ட மீனுருண்டை நூடல்ஸைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து, கதவு திறந்தபிறகும் நிறுத்தவில்லையாம். அதற்குப் பிறகு லிஃப்ட் நன்றாக ஓடுகிற நாட்களிலும் மணியை அழுத்தி, இன்றைக்கு என்ன சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டுப் போவாராம். மேலதிகாரி இவளைக் கூப்பிட்டுக் கண்டித்திருக்கிறார். அதற்கும் பயந்திருக்கிறாள்.

எங்கள் புளோக் லிஃப்ட் யாருடையது என்று ஒரு நாள் வந்து பார்த்தாள். அவர்கள் நிறுவனத்தினுடையது இல்லை. “சே” என்று லிஃப்ட் கதவைப் பார்த்து உண்மையாகவே வருத்தப்பட்டாள். நீங்கள் மாட்டிக்கொண்டால் வேறு யாரோ அல்லவா பேசுவார்கள் என்றாள்.

என் அறுவை சிகிச்சை அன்று என்னோடு வர யாருமில்லை. அவள் வந்தாள். அவளுடைய காயமே ஆறாத நேரம். என்னைத் தள்ளிக்கொண்டு போகும்போது கதவுவரை கூடவே நடந்தவள், “எனக்குப் பயமா இருக்குக்கா” என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

“ஆபரேஷன் எனக்குத்தானே?”

“நீங்க பயப்பட மாட்டேங்கறீங்க. யாராவது ஒருத்தர் பயப்படணும்ல?”

எனக்கு எரிச்சலாக வந்தது. என் படுக்கையைத் தள்ளியவர் சிரித்துவிட்டார்.

என் அண்ணன் குடும்பம் பாசிர் ரிஸில் இருக்கிறது. இரண்டு வீட்டுக்கும் ஒரே ஒரு ரயில் நிறுத்தத் தூரம். ஆனாலும் நான் அவர்களிடம் எதையும் சொல்லவில்லை. அண்ணன் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தைக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தால் பெண்ணுக்கும் வருமோ என்று பையன் வீட்டில் யோசிப்பார்களே என்பது என் கணக்கு. எங்கள் அம்மாவும் இதனால்தான் போனார் என்று எனக்குச் சந்தேகம் உண்டு. வீட்டில் அதற்குப் பெயர் வைக்கவில்லை. ‘உடம்புக்கு முடியல’ என்று மட்டும்தான் சொல்வோம். அப்படியே போய்விட்டார்.

அறுவை சிகிச்சையை வேலை அதிகம் என்று சொல்லி மறைத்துவிட்டேன். முடி கொட்ட ஆரம்பித்ததும் அந்தப் பொய் போதவில்லை. யோசித்து வேறொன்று கண்டுபிடித்தேன். பழநிக்குப் போகிறேன், மொட்டை போட வேண்டுதல் என்று அண்ணியிடம் சொன்னேன். அண்ணி ஆச்சரியப்பட்டார். கோயிலுக்குப் போகிற ஆளில்லை நான். ஆனாலும், “எங்களுக்கும் சேத்து வேண்டிக்கோ” என்றார்.

இதை அவளிடம் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு பயந்துவிட்டாள்.

“முருகன்கிட்ட பொய்யாக்கா? கோவிச்சுக்குவார்க்கா.”

“அவர்கிட்ட இல்ல, அண்ணிகிட்ட.”

பழநியில் இருப்பதாகச் சொன்ன நாட்களில் நான் தெம்பனிஸ் வீட்டுக்குள் இருந்தேன். சன்னல்களைச் சாத்தி, விளக்குப் போடாமல், தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு. தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம் கேட்டால் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். தலையணையில் முடி கற்றை கற்றையாகக் கிடக்கும். அள்ளிப் பையில் போட்டுக் கட்டுவேன். மிச்சத்தை நானே கண்ணாடி முன் நின்று மழித்தேன். கீமோ போட்ட வாய்க்கு எதுவும் பிடிக்காது, வெறும் ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்பேன். என் வீட்டில் நானே திருடிபோல இருந்தேன். அந்த நாட்களைப்போல் தனியாக நான் எப்போதும் இருந்ததில்லை. யாராவது கதவைத் தட்டமாட்டார்களா என்று இருக்கும். தட்டிவிடக்கூடாதே என்றும் இருக்கும்.

அவள் தட்டினாள். கஞ்சி எடுத்துக்கொண்டு வருவதாகவும் யாருக்கும் தெரியாமல் வருவதாகவும் செய்தி அனுப்பியிருந்தாள். எதிர்வீட்டுப் பூனை தாழ்வாரத்தில் படுத்திருந்ததை நான் சொல்ல மறந்துவிட்டேன். அவள் போட்ட அலறலில் மாடி முழுக்கக் கதவு திறந்தது. எதிர்வீட்டு மலாய் அம்மா பூனையைத் தூக்கிக்கொண்டு வந்து மன்னிப்புக் கேட்டவர், என் மொட்டைத் தலையைப் பார்த்து அப்படியே நின்றார். மறுநாளிலிருந்து என் கதவுப்பிடியில் தினமும் ஒரு பை தொங்கும், உள்ளே சூப். நான் மறைந்து வாழ்ந்த அழகு இவ்வளவுதான்.

‘திரும்பி வருகிற’ நாளன்று அவளையும் கூட்டிக்கொண்டு சிராங்கூன் சாலைத் தமிழ்க் கடைகளுக்குப் போனேன். விபூதிப் பொட்டலம், ஒரு பாட்டில் பஞ்சாமிர்தம், முருகன் படம் போட்ட சாவிக்கொத்து. எல்லாம் கிடைத்தது, மலையேறவே வேண்டியதில்லை. கடைக்காரர் பை கட்டும்வரை அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். “மாட்டிக்கிட்டா நான் வரல” என்று முணுமுணுத்தாள். அண்ணி அந்தப் பாட்டிலை இரு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பிறகு திருப்பித் திருப்பிப் பார்த்தார். பூஜை அலமாரியில் வைத்தார்.

அண்ணன் மகளுக்கு நல்ல இடம் அமைந்தது. கல்யாணத்துக்கு ரவிக்கை தைக்கவேண்டும். எனக்கு அதுதான் பெரிய பயம், அறுவைக் கத்திகூட அப்படி இல்லை. தேக்கா சந்தையின் மேல்தளத்தில் வழக்கமாகப் போகிற தையல்கார அம்மாவின் கடைக்கு முன்னால் மூன்று தடவை நடந்துவிட்டு, துணிப்பையோடு கீழே இறங்கிவிட்டேன். இதைத் தெரியாத்தனமாக அவளிடம் சொல்லிவிட்டேன். அடுத்த சனிக்கிழமை என்னை இழுத்துக்கொண்டு போனாள். கடையில் கூட்டம். அவளுக்கு மெதுவாகப் பேச வராது.

“அக்காவுக்கு எடது பக்கம் இல்ல. எனக்கு வலது பக்கம் இல்ல. ரெண்டு பேரும் பயந்துகிட்டே வந்திருக்கோம். எப்படித் தைப்பீங்க?”

தையல் இயந்திரம் நின்றது. சேலைக்கு ஓரம் அடிக்க வந்திருந்த பெண்கள் எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் என்றிருந்தது. அவளைக் கொன்றுபோடலாம் என்றும் இருந்தது. தையல்கார அம்மா வாயிலிருந்த ஊசியை எடுத்துத் துணியில் குத்திவிட்டு, “பேட் வச்ச பாடியப் போட்டுக்கிட்டு வந்தீங்கன்னா அதுக்கு மேல அளவு எடுத்துடலாம்மா. கழுத்து மட்டும் ஏத்தி வச்சுக்குவோம்” என்றார். அவ்வளவுதான். மறுபடி இயந்திரம் ஓட ஆரம்பித்தது. திரைக்குப் பின்னால் அவர் என்னை அளந்தபோது அவள் திரையின் இந்தப் பக்கம் நின்று, முடிஞ்சுதா, முடிஞ்சுதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த ரவிக்கை கச்சிதமாக இருந்தது. கல்யாணத்தில் வாசலில் நின்று பன்னீர் தெளித்தேன். தலையில் அப்போது இரண்டு விரல் அளவு முடி. வேண்டுதலா என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆமாம் என்றேன்.

கல்யாணம் முடிந்த அடுத்த வாரம் அவள் கேட்டாள்.

“இப்ப சொல்லலாம்லக்கா? அதான் கல்யாணம் முடிஞ்சுதே.”

“எதுக்கு இப்பப் போயி? எல்லாம் சரியாயிடுச்சு.”

“அந்தப் பொண்ணுக்குத் தெரிய வேணாமா? உங்க அம்மாவுக்கு இருந்திருக்கு, உங்களுக்கு இருக்கு. அவளும் போய்க் காட்டணும்ல?”

“சொல்றேன், சொல்றேன்.”

“எப்ப?”

காரணம் தீர்ந்துபோயிருந்தது, ஆனாலும் வாய் வரவில்லை. கல்யாணத்துக்காகத்தான் மறைக்கிறேன் என்று நானே நம்பியிருந்தேன். அண்ணன் வீட்டில் ‘அவளுக்கென்ன, கல்லு மாதிரி’ என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள். அதைக் கேட்க எனக்குப் பிடித்திருந்தது என்பதுதான் உண்மை.

மறு வருடம் அவளுக்கு முதுகு வலித்தது. தூக்கத்தில் புரண்டது சரியில்லை என்றாள். பிறகு எலும்பில் பரவியிருக்கிறது என்றார்கள். எனக்குக் கொடுத்த அதே மருந்துகளைத்தான் அவளுக்கும் கொடுத்தார்கள். பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துதான் ஏற்றிக்கொண்டோம். எனக்கு ஏன் இல்லை, அவளுக்கு ஏன் என்று கேட்க ஆளில்லை. அவளைப் பார்க்கப் போகும் ஒவ்வொரு தடவையும் குளியலறையில் என் வலது மார்பைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன்.

கடைசியாக அவளோடு நன்றாகப் பேசியது ஒரு பிற்பகல். அவள் கணவர், அதிகம் பேசாத மனிதர், எனக்கு நாற்காலியை விட்டுக்கொடுத்துவிட்டுக் கோப்பி வாங்கப் போயிருந்தார். வலிக்கு ஊசி போடத் தாதி வரவேண்டும், தாமதமாகிக்கொண்டிருந்தது. அகலத் தோள் எல்லாம் போய், கட்டிலில் பாதிகூட அவள் இல்லை.

“அக்கா, பயமா இருக்கு.”

பயப்படாதே என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன். அவளிடம் அதைச் சொல்லக்கூடாது என்று எனக்குத் தெரியும்.

“இருக்கும்” என்றேன்.

“பேசிக்கிட்டே இருங்க. மிஸி வர்ற வரைக்கும்.”

எனக்கு என்ன பேசத் தெரியும்? பசியாறியாச்சா என்று கேட்கமுடியாது, அவள் சாப்பிட்டு நாளாகியிருந்தது. எனக்குத் தெரிந்தது என் ரயில்தான். தெம்பனிஸில் ஏறுவதிலிருந்து ஆரம்பித்தேன். சீமெய், தானா மேரா. தானா மேராவில் பெட்டியோடு விமான நிலையத்துக்குப் போகிறவர்கள் இறங்குவார்கள், கொஞ்சம் மூச்சு விடலாம். பிடோக்கில் பள்ளிப் பிள்ளைகள் ஏறுவார்கள். கெம்பாங்கான். யூனோஸில் தினமும் ஓர் அம்மா கையில் பூக்கட்டோடு ஏறுவார், யாருக்கு என்று தெரியாது. பாய லேபாரில் பாதிக் கூட்டம் மாறும்.

“காலாங்ல ஆறு தெரியும்ல” என்றாள், கண்ணை மூடிக்கொண்டே.

“தெரியும். காலைல பளபளன்னு இருக்கும்.”

“நல்லா பாத்துட்டுப் போங்க.”

லவண்டர், பூகிஸ். பூமிக்கடியில் போகும் இடத்தில் என்ன சொல்வது என்று தெரியாமல், கண்ணாடியில் என் முகம் தெரியும் என்றேன். அதற்குச் சிரித்தாள். திடீரென்று, “உங்களுக்குப் பயமா இல்லையாக்கா?” என்று கேட்டாள்.

“இல்ல” என்றேன். பழக்கதோஷம்.

“பொய். பழநி மொட்டை.”

தாதி வந்து ஊசி போட்டார். நான் நிறுத்தவில்லை. ஜூரோங் ஈஸ்ட் தாண்டும்போது அவள் தூங்கியிருந்தாள். ஆனாலும் துவாஸ் வரைக்கும் சொல்லி முடித்தேன்.

மண்டாயில் அவளை எரித்த அன்று வேலைத்தோழர்கள் வந்திருந்தார்கள். யார் முகமும் எனக்குத் தெரியாது. பேசினால் எல்லோருக்கும் நல்ல குரல். யார் நீங்கள் என்று அவர்களில் ஒருவர் கேட்டார். கூட கீமோ எடுத்தவள் என்று சொல்லவில்லை. தெரிந்தவள் என்றேன். திரும்பி வரும்போது புளோக்கின் கீழே லிஃப்ட்டில் ஏறி, எண்ணை அழுத்தாமல் மணியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அழுத்தினால் குரல் வரும். அவள் குரலாக இருக்காது. அவர்கள் நிறுவனமே இல்லையே. கதவு தானாகச் சாத்திக்கொண்டது. அங்கேயே நின்று அழுதேன். மேலே யாரோ பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும், லிஃப்ட் ஏறியது. எதிர்வீட்டு மலாய் அம்மா குப்பைப் பையோடு நின்றுகொண்டிருந்தார். என் தோளைத் தொட்டுவிட்டு வழிவிட்டார்.

என் வருடாந்திர ஸ்கேனுக்குத் தேதி வந்தது. முதல் முறையாகப் போகாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். இருந்தால் இருக்கட்டும், தெரியாமலே இருக்கட்டும். அப்படியே இரண்டு நாள் தள்ளினேன். மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பி அந்த ஒரே நிறுத்தம் ரயிலில் போனேன். அண்ணன் வீட்டில் எல்லோரும் இருந்தார்கள், கட்டிக்கொடுத்த மகளும் வந்திருந்தாள். உட்கார்ந்தால் வேறு ஏதாவது பேசிவிடுவேன் என்று வாசலிலேயே நின்றேன்.

“எனக்குப் பயமா இருக்கு” என்றேன்.

இந்த வார்த்தையை நான் சொல்லி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. அண்ணன் தொலைக்காட்சியை அணைத்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். மார்பு என்ற சொல்லை அண்ணன் முன்னால் சொன்னேன், அம்மாவையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் அண்ணிதான் முதலில் பேசினார்.

“அந்தப் பஞ்சாமிர்த பாட்டில்ல பின்னால ஸ்டிக்கர் ஒட்டியிருந்துச்சு. இங்க எறக்குமதி பண்றவன் அட்ரஸ்.”

“அப்பவே தெரியுமா?”

“நீ பழநிக்குப் போகலன்னு தெரியும். உனக்கு யாரோ தொணை கெடச்சிருக்காங்க போலன்னு நெனச்சோம். நல்லதுதானே, கேக்காதன்னு உங்கண்ணன்தான் சொன்னாரு.” அண்ணி மூக்கைத் துடைத்துக்கொண்டார். “அப்புறம் புருவமும் போச்சு. பழநில புருவத்தையுமா எடுப்பாங்க? என்னன்னு தெரியாட்டியும் ஏதோ இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு.”

“ஏன் அண்ணி கேக்கல?”

“கேட்டா நீ வர்றதையே நிறுத்திடுவேன்னு பயம்.”

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வழியிலேயே பாதி தரையில் சிந்தியது. ஒரு நிறுத்தத் தூரத்தில் இத்தனை நாளும் அவர்கள் தனியாகப் பயந்திருக்கிறார்கள், நான் தனியாகப் பயந்திருக்கிறேன்.

ஸ்கேனுக்கு அண்ணன் மகள் லீவு போட்டுவிட்டு வந்தாள். அவளும் மருத்துவரிடம் பேசவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அதே தளம், அதே திரை. எல்லோரும் குனிந்து கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரத்தம் எடுக்கும் அறையின் கதவு சாத்தியிருந்தது. எண் மாறியது. எங்களுடையது இல்லை.

“அத்தை,” என்றாள் மெதுவாக. “டோன்ட் வொரின்னு எல்லாரும் சொல்றாங்க. பட் எனக்கும் பயமா இருக்கு அத்தை.”

அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது.

“இருக்கும்” என்றேன். “பசியாறியாச்சா?”